காகிதத்தில் நடந்த மாமா

வேம்புலி தன் அக்கா புருஷனைக் கீழே போட்டான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை; வார்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் மணி. மறுநாள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போக வேண்டிய மனிதரைச் சொந்த மச்சானே தரையில் சேர்த்தான்.

எத்திராஜ் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார். டயப்பர் தீர்ந்திருந்தது. ஆயாம்மா டீ குடிக்கப் போயிருந்தாள்.

"நாளைக்கு ஊட்டுக்குப் போற ஆளு, நாலு அடி நடக்க மாட்டியா மாமா? வா, நான் கீறேன்" என்று வேம்புலி கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினான்.

எத்திராஜ் இரண்டு கால்களையும் தொங்கப்போட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றி எழுந்தார். எழுந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடுப்பு மெத்தையை விட்டு ஒரு சாண் உயர்ந்தது. உடனே முட்டி இரண்டும் மழையில் ஊறிய அட்டைப்பெட்டி போல மடங்கின. வேம்புலி தாங்கப் போனான். போன வேகத்தில் டிரிப்ஸ் கம்பத்தைக் காலால் இழுத்துக்கொண்டு போனான். கம்பம் சாய்ந்தது, பிளாஸ்க் உருண்டது, பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்திருந்த ஆப்பிள்கள் வார்டு முழுக்க ஓடின. எல்லாம் அடங்கியபோது வேம்புலி தரையில் மல்லாந்து கிடந்தான்; அவன் மேல் எத்திராஜ் குப்புறக் கிடந்தார். அக்கா கல்யாணம் முடிந்த இருபத்தாறு வருஷத்தில் இருவரும் இவ்வளவு நெருங்கி இருந்தது அதுதான் முதல் தடவை.

அடியில் கிடந்த அந்த அரை நிமிஷத்தில் வேம்புலியைக் கலக்கியது விழுந்த அடி அல்ல. மாமா கனக்கவே இல்லை. எஸ்டேட் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் மூட்டை சுமந்த உடம்பு அது. தூக்கிவிடலாம் என்று தொடைக்குக் கீழே கை கொடுத்தான். ஆஸ்பத்திரியின் பச்சைப் பைஜாமாவுக்குள் தொடை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மெலிசாக ஒன்று கைக்குள் அடங்கியது.

"மச்சான்" என்றார் எத்திராஜ், அவன் காதோரத்தில். "காலு எங்கடா?"

அக்கா சாமுண்டீஸ்வரி எப்போதும் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடையோடு வருவாள். அன்றைக்கு ஒன்பதுக்கே வந்துவிட்டாள். தகவல் சொன்னது வேம்புலி இல்லை. அவன் போனை அணைத்து வைத்திருந்தான்.

"இன்னாடா பண்ணி வச்சிகீற எம்புருஷன?"

"நடக்க வைக்கலாம்னுதான் அக்கா..."

"நீ யாருடா நடக்க வைக்க? நான் இன்னா சொல்லிட்டுப் போனேன்? மேல கை வைக்காத, பக்கத்துல குந்திகினு இருன்னு சொன்னனா இல்லியா? வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து குந்திகினு இருக்கற வேலதான குட்த்தேன், அதக்கூட உன்னால செய்ய முடிலயா சோமாரி? என் கல்யாணத்துல சீரியல் லைட்ட புடுங்கி மண்டபத்தையே இருட்டாக்கினது யாரு? என் ஊட்டு மாடில தண்ணி டேங்க ஒடச்சது யாரு?"

"ஒடைலக்கா. விரிசல்தான் வுட்டது."

"வாய மூடு."

வாயை மூடினான். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு எதுவும் உடையவில்லை. வேம்புலியின் முழங்கையில் மட்டும் நல்ல சிராய்ப்பு. அதை யாரும் விசாரிக்கவில்லை, அவனாகவும் சொல்லிக்கொள்ளவில்லை. சும்மா இரண்டு மூன்று முறை சட்டைக் கையை மடித்து விட்டுப் பார்த்தான்.

டாக்டர் பிரசன்னா வந்து, வலது காலை நீட்டியபடி தூக்கச் சொன்னார். எத்திராஜ் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கால் மெத்தையிலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்பி, நடுங்கி, விழுந்தது. இடது கால் அதுவும் இல்லை.

"நெஞ்சு சளியெல்லாம் சுத்தமா க்ளியர்" என்றார் டாக்டர். "நாங்க பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருப்போம். அதுக்கு மேல இங்க வச்சிருந்து பிரயோஜனம் இல்லம்மா."

எத்திராஜின் வீடு திருமுல்லைவாயிலில் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நிற்காத மனிதரை அங்கே வைத்துப் பார்ப்பது எப்படி என்று சாமுண்டீஸ்வரி ஐந்து நிமிஷம் யோசித்தாள். ஆறாவது நிமிஷம் வெள்ளானூரில் இருக்கும் எத்திராஜின் அண்ணனுக்குப் போன் போட்டு, கீழ் அறையைக் காலி பண்ணி வைக்கச் சொன்னாள். ஏற்றி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்குமாம். அதை அங்கே போட்டுவிடலாமாம்.

அந்தக் கட்டிலைப் பற்றி அவள் பேசும்போது எத்திராஜ் மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. பத்து நாள் முன்னால் அவர் இந்த ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து, ஆட்டோக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தவர்.

கீழே போட்டதால்தான் கால் போனது என்று வார்டு முழுக்க நம்பியது. வேம்புலிக்கு மட்டும் வேறு ஒரு சந்தேகம் இருந்தது. அதற்குக் காரணம் கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டையில் செருகித் தொங்கிக்கொண்டிருந்தது.

நிமோனியா காய்ச்சலோடு வந்த எத்திராஜை நான்கு நாள் ஐ.சி.யு.வில் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வார்டுக்கு மாற்றிய அன்றே, ஆக்னஸ் என்ற பிசியோதெரபிப் பெண் வந்தாள். தூத்துக்குடிக்காரி, முப்பது வயதுக்குள் இருப்பாள், மூன்று மாடிக்கும் அவள் ஒருத்திதான். எத்திராஜை உட்காரவைத்துக் காட்டினாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கட்டில் ஓரத்துல உக்கார வைங்க. சாயங்காலம் புடிச்சு நிப்பாட்டி, நடத்துங்க. எத்தனை அடின்னு இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் காலைல வந்து பாப்பேன். படுக்கவே விடாதீங்க சார். ஒரு நாள் படுத்தாலும் சதை கரையும்" என்றாள்.

சாமுண்டீஸ்வரியின் சட்டம் வேறு. ஆஸ்பத்திரி என்றால் படுப்பதற்கான இடம். எழுந்து நடக்கிறவன் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வருகிறான்? தரையில் கால் படக் கூடாது என்று டயப்பர் வாங்கிக் கொடுத்தாள். கையைத் தூக்கினால் அசதியாகிவிடும் என்று கஞ்சியை அவளே ஊட்டினாள்.

இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேம்புலி மாமாவை நிறுத்தப் பார்த்தான். எத்திராஜ் அழுதார். "வலிக்குதுடா மச்சான். வேணாம்டா. நாளைக்குப் பாத்துக்கலாம்." எத்திராஜ் திட்டி வேம்புலி கேட்டிருக்கிறான், கை ஓங்கிப் பார்த்திருக்கிறான். அழுது பார்த்ததில்லை. பேசாமல் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, தாளை எடுத்தான்.

தாளை எடுத்தது பழக்க தோஷம். எஸ்டேட்டில், இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேம்புலி மெயின்டனன்ஸ் பார்க்கிறான். சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு செக் ஷீட் நிரப்ப வேண்டும்: ஆயில் அளவு சரி, பெல்ட் சரி, போல்ட் முறுக்கு சரி. அந்த ஷெட்டில் யாரும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. டீ ஆறுவதற்குள் பதினான்கு மெஷினுக்கும் டிக் அடித்துவிடுவான். மெஷின்களும் அவன் மேல் இருந்த மரியாதையில் ஓடிக்கொண்டிருந்தன.

அதே கையால் செவ்வாய்க்கிழமைக்குப் 'பத்து அடி' என்று எழுதினான். புதன் இருபது. வியாழன் இருபத்தைந்து. முன்னேற்றம் தெரிய வேண்டும் அல்லவா? சனிக்கிழமை நாற்பது தொட்டார். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் என்பதால், முப்பதாகக் குறைத்தான். அப்போதுதான் நிஜம் போல இருக்கும் என்று தோன்றியது. ஆறு கையெழுத்து. காலையில் ஆக்னஸ் வந்தால், "நேத்து நல்லா நடந்தாரும்மா, இப்பதான் அசந்து தூங்கறாரு" என்பான். அவள் தாளைப் பார்ப்பாள், தலையாட்டுவாள், அடுத்த மாடிக்கு ஓடுவாள். மதியம் வரும் சாமுண்டீஸ்வரி அவளை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

முட்டை விஷயம் தனி. சதை கரையாமல் இருக்க தினமும் இரண்டு அவித்த முட்டை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுத் தட்டில் வந்தது. புரட்டாசி மாசம். பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீட்டில் முட்டை என்ற பேச்சே கிடையாது, எடுத்துத் தூரப் போடு என்று சாமுண்டீஸ்வரி சொல்லிவிட்டாள். சாப்பிடும் பொருளைத் தூரப் போட வேம்புலிக்கு மனசு வராது. மாடிப்படி திருப்பத்தில் நின்று, ஆஸ்பத்திரி முட்டை புரட்டாசியில் சேராது என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டு, ஆறு நாளில் பன்னிரண்டு முட்டையைத் தின்றான். மாமாவின் தொடைக்குப் போக வேண்டியது அவன் தொப்பைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக, அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான். திங்கட்கிழமை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தான்.

டாக்டர் பிரசன்னாவை லிஃப்ட் வாசலில் பிடித்தான். "டாக்டர், அவரு காலு இப்டி ஆனதுக்கு யாரு காரணம்?"

"யாருன்னு இல்ல சார். நிறைய விஷயம் சேர்ந்து வர்றது. இன்ஃபெக்‌ஷன், ஐ.சி.யு., வயசு, சத்துக் குறைவு, படுக்கை."

"அதுல நான் எத்தனாவது நம்பர்?"

டாக்டர் சிரித்தார். "பாக்கலாம்" என்றார். லிஃப்ட் மூடிக்கொண்டது.

நர்ஸ் புஷ்பாவைக் கேட்டான். "டாக்டரைக் கேளுங்க" என்றாள்.

"டாக்டர் பாக்கலாம்ங்கறாரு."

"அப்ப பாருங்க."

சாமுண்டீஸ்வரி எக்ஸ்ரேவுக்குப் பணம் கட்டக் கீழே போயிருந்த நேரத்தில், பத்து மணிக்கு ஆக்னஸ் வந்தாள். எத்திராஜின் தொடையைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள். ஆடுசதையை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு அட்டையிலிருந்து தாளை உருவி, ஆறு நாளையும் மேலிருந்து கீழே படித்தாள். வேம்புலி அருகில் வந்து அதே கேள்வியை மெதுவாகக் கேட்டான்.

"என்கிட்ட ஏன் கேக்கிய?" என்றாள், கோபத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "இந்தா, சனிக்கிழமை நாப்பது அடி நடந்திருக்காரு. அந்த நாப்பது அடியைப் போய்க் கேளுங்க. எங்க நடந்தாரு? வராண்டாவுலயா? மொட்டை மாடியிலயா? எங்க நடந்தாருன்னு சொல்லுங்க, நானும் போய்ப் பாத்துட்டு வாரேன்."

அவள் தாளைத் திரும்பச் செருகிவிட்டுப் போய்விட்டாள்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் அவன் கேள்வியை விழுங்கிக்கொண்டு கிடந்திருப்பான். ஆனால் பக்கத்துக் கட்டில்காரரின் பெண்டாட்டி சாமுண்டீஸ்வரியிடம், இப்படிப் படுத்துக் கிடப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலேயே ஆள் உண்டு, உங்கள் புருஷனுக்குக் கொடுத்தார்களா என்று கேட்டுவிட்டாள். மதியம் இரண்டு மணிக்கு வார்டு வாசலில், மாடிப் பொறுப்பாளர் பரந்தாமனின் மேஜை முன்னால், சாமுண்டீஸ்வரி கொண்டையை இழுத்து முடிந்துகொண்டு நின்றாள்.

"பயிற்சின்னு ஒருத்தி இருக்கறாளாமே, எங்க அவ? பத்து நாளா எம்புருஷன் கட்டய மாதிரி கெடக்கறாரு. ஒரு நாளு, ஒரு நாளு வந்தாளா அவ? நான் டெய்லி வந்துகினுதான் கீறேன், என் கண்ணுல படவேயில்ல!"

"அம்மா, மெதுவா பேசுங்க, பேஷன்ட்ஸ் இருக்காங்க."

"பேஷன்ட்டு இருக்கறதாலதான்யா பேசறேன்! எழுதிக் குடுக்கறேன், அவள வேலய வுட்டுத் தூக்கு!"

ஆக்னஸை வரவழைத்தார்கள். மேல் மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தாள். "தினமும் வந்தேன். ஷீட் இருக்கு" என்றாள்.

"ஷீட்டு! ஷீட்டக் காட்டி ஏமாத்தறியா? நீயே எழுதிகினு வந்துருப்ப! பாக்க சின்னப் பொண்ணாட்டம் கீற, வாயத் தொறந்தா பொய்யி."

பரந்தாமன் தாளை வாங்கிப் புரட்டினார். "கையெழுத்து பேஷன்ட் கூட இருக்கறவர் போட்டது மாதிரி..." என்று இழுத்தார். பிறகு, எதற்கு வம்பு என்று நினைத்தவரைப் போல, "சரிம்மா, நீங்க எழுதிக் குடுங்க, விசாரிக்கறோம்" என்று ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

ஆக்னஸ் வேம்புலியைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை. இந்த ஆளிடமிருந்து எதுவும் வராது என்று முடிவு கட்டிவிட்ட பார்வை. அதுதான் அவனைச் சுட்டது.

"அக்கா" என்றான். "அது என் கையெழுத்து."

"எது?"

"அந்தம்மா டெய்லி வந்துச்சி. நீ வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடும். நடக்க வைக்கச் சொல்லிச்சி. நான் வைக்கல. வச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

மேஜை மேல் இருந்த போன் அடித்தது. பரந்தாமன் அதை எடுக்கவில்லை.

"ஆறு நாளா?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"ஆறு நாளா. மாமா வலிக்குதுன்னு அழுதாரு. மனசு கேக்கல." தொடங்கிவிட்ட பிறகு நிறுத்த வழி தெரியாமல் மீதியையும் கொட்டினான். "அந்த முட்டையும் தூரப் போடலக்கா. நாந்தான் துன்னேன்."

"புரட்டாசிலயா?" என்றாள் சாமுண்டீஸ்வரி. புருஷன் கால் போன செய்தியை விட அந்த ஒரு நொடியில் அதுதான் அவளுக்குப் பெரிய இடியாக இருந்தது போலும். அடுத்த நொடியே இரண்டும் சேர்ந்து வந்தன. சாப்பாட்டுக் கூடை வேம்புலியின் தோளில் இறங்கியது. ரசம் சட்டை முழுக்க ஓடிற்று.

"அவரு காலத் துன்னுட்டு நிக்கறியேடா! பேமானி! இனிமே என் ஊட்டு வாசல்ல உன் செருப்பக் கூட பாக்கக் கூடாது. போடா! கண் முன்னாடி நிக்காத!"

திறந்திருந்த வார்டுக் கதவு வழியே எத்திராஜின் கட்டில் தெரிந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேம்புலி படிக்கட்டுப் பக்கம் நடந்தான். ஆக்னஸ் பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று ஒரு நிமிஷம் அவனுக்கு நப்பாசை.

"எங்க கிளம்பிட்டிய? உண்மையைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சிருச்சா?" என்றாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் நின்னு நாலு அடி வைக்கணும். வச்சா சேர்ல தூக்கியாவது அவர் வீட்டுக்குக் கொண்டு போவலாம். அங்க கட்டில்ல இருந்து பாத்ரூமுக்குத் தானா போய்ப் பழகிருவாரு. வைக்கலைன்னா அந்த வாடகைக் கட்டில்தான். படுத்துக்கிட்டே போறவங்க படுத்துக்கிட்டேதான் கிடப்பாங்க, நான் பாத்திருக்கேன். எனக்கு மூணு மாடி இருக்கு. அவரைப் புடிச்சுத் தூக்க ஒரு தடியன் வேணும். நீங்க தடியனாத்தான் இருக்கிய. முட்டை வேற சாப்பிட்டிருக்கிய."

திரும்பி சாமுண்டீஸ்வரியிடம் போய் அதையே சொன்னாள். என்ன பேசினார்கள் என்று வேம்புலிக்குக் கேட்கவில்லை. சாமுண்டீஸ்வரி அவனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "தூக்கி நிறுத்தட்டும். எங்கிட்ட பேசக் கூடாது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்ததுதான். கட்டிலில் எத்திராஜுக்குப் பின்னால் வேம்புலி ஏறி முட்டி போட்டு, அவர் முதுகுக்குத் தன் மார்பை முட்டுக் கொடுத்தான். பத்து நிமிஷத்தில் எத்திராஜுக்குத் தலை சுற்றியது.

"தள்ளிப் போடா. உன் வேர்வ நாத்தம் தாங்கல."

"நீ சாயாம இரு மாமா, நான் தள்ளிப் போறேன்."

"சாஞ்சா இன்னாடா? திருப்பியும் கீழ போடப்போற, அவ்ளோதான?"

மதியம் சாமுண்டீஸ்வரி வந்து கூடையைத் திறந்தாள். ஈரத் துணியில் சுற்றிய நான்கு அவித்த முட்டை இருந்தது. வீட்டில், அவள் அடுப்பில், அவள் பாத்திரத்தில் அவித்தது. ஓட்டை உரித்து, உப்புப் போட்டு, புருஷன் வாயில் வைத்தாள். அவர் திகைத்துப் பார்த்தார்.

"துன்னு. பெருமாள் கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றாள். உரித்த ஓடுகளைக் கூட அவள் வேம்புலியின் கைக்கு எட்டாத பக்கம் தள்ளி வைத்தாள்.

புதன்கிழமை நின்றார். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கும்படி ஆக்னஸ் சொல்லிக் கொடுத்தாள். எத்திராஜ் வேம்புலியின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆக்னஸ் எண்ணினாள். ஐந்து எண்ணுவதற்குள் முட்டி கடகடவென்று ஆடியது. உட்கார்ந்தார். மறுபடி எழுப்பினார்கள். ஏழு. மூன்றாம் முறை, "வேணாம்டா மச்சான்" என்றார் எத்திராஜ்; கண் கலங்கியிருந்தது. வேம்புலியின் கை பெல்ட்டில் தளர்ந்தது.

"சார்!" என்று கத்தினாள் ஆக்னஸ். "புடிங்க! இன்னைக்கும் தாள்ல எழுதப் போறீங்களா?"

பிடித்தான். எத்திராஜ் எழுந்து நின்று, அவனையும் அவன் அப்பனையும் பிரஸ் ஷாப் முதலாளியையும் சேர்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டி முடிக்கும்போது ஆக்னஸ் பதினெட்டு எண்ணியிருந்தாள்.

"இன்னும் நாலு பேரைத் திட்டுங்க. முப்பது வந்துரும்" என்றாள்.

ராத்திரி பார்த்துக்கொள்ள எத்திராஜின் அண்ணன் வந்தார். வேம்புலி கீழே வந்து டீ குடித்தான். ஒருவரைத் தூக்கி நிறுத்துவது மெஷினைத் தூக்குவது போல இல்லை. மெஷின் அழாது. தூக்கினவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கவும் பார்க்காது.

வியாழக்கிழமை காலை முப்பது எண்ணும் வரைக்கும் நின்றார். கால் தரையை விட்டு எழும்பவில்லை. மதியம் ஒரு காலை நகர்த்தினார். மற்றது வரவில்லை, பெல்ட்டில் தொங்கினார். சாமுண்டீஸ்வரி வெள்ளானூருக்குப் போன் போட்டு, வாடகைக் கட்டில்காரனை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னாள். எத்திராஜுக்குக் கேட்கும்படிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே வெளியே போய் மூக்கைச் சிந்தினாள்.

சாயங்காலம் நாலரைக்கு ஆக்னஸ் வந்தாள். "இதான் சார். இதுக்கு மேல எனக்கு நேரம் இல்ல" என்றாள்.

வேம்புலி பெல்ட்டைப் பிடித்தான். எத்திராஜ் அவன் தோள்களில் இரண்டு கையையும் வைத்தார். ஒரு கை நழுவி முழங்கைச் சிராய்ப்பில் அழுத்தியது. வேம்புலி பல்லைக் கடித்தான். அவன் பின்னால் நகர, அவர் முன்னால் வர வேண்டும்.

"வேணாம்டா."

"வா மாமா."

"வேணாம்டா சொல்றேன், வுட்ரு. வெள்ளானூருக்கே போறேன். வுட்ருடா."

"வா."

வலது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு விரல்கடை வந்தது. அது அடி ஆகாது என்றாள் ஆக்னஸ். எத்திராஜ் அவளையும் திட்டினார். திட்டிய கோபத்தில் பாதம் எழும்பி முன்னால் விழுந்தது. ஒன்று. இடது கால் வெகு நேரம் கழித்து வந்தது. இரண்டு. எத்திராஜின் நெற்றி வேம்புலியின் நெற்றியில் வந்து முட்டி நின்றது. இருவர் வேர்வையும் கலந்து வழிந்தது. மூன்று. நான்காவதற்கு வேம்புலி அவரை இழுக்கவில்லை, பெல்ட்டைப் பிடித்தபடி சும்மா நின்றான். வாசலில் சாமுண்டீஸ்வரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எத்திராஜ் மூச்சை உள்ளே இழுத்தார். இடது கால் வந்தது.

"நாலு" என்றாள் ஆக்னஸ். பேனாவை எடுத்து, தாளில் அவளே 4 என்று எழுதி, அவளே கையெழுத்துப் போட்டாள். வேம்புலியிடம் தரவில்லை. "பாத்ரூம் வரைக்கும்தான். மாடிப்படி பத்தி இப்பக் கேக்காதீங்க" என்றுவிட்டு மேல் மாடிக்கு ஓடினாள். சாமுண்டீஸ்வரி, கட்டில் வேண்டாம் என்று கட்டில்காரனுக்குப் போன் போட வராண்டாவுக்குப் போனாள்.

எத்திராஜைப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் இறக்கினார்கள் என்று சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை; வேம்புலிதான் இறக்கினான். அவர் தொடை இரண்டும் பைஜாமாவுக்குள் தானாகத் துள்ளிக்கொண்டிருந்தன. வேம்புலி தரையில் குந்தி, பெல்ட்டின் கொக்கியை அவிழ்த்தான். அவிழ்த்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"மாமா. ஒண்ணு கேக்கறேன். டாக்டரக் கேட்டேன், பாக்கலாம்னாரு. நர்ஸக் கேட்டேன். அந்தம்மாவக் கேட்டேன். ஒருத்தரும் சொல்ல மாட்டன்றாங்க. நீயாவது சொல்லு. உன் காலு போனது என்னாலயா?"

எத்திராஜ் நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்துப் போட்டார்.

"ஆமா" என்றார். "உன்னாலதான். கீழ போட்டியே, அதுல இல்ல. வலிக்குதுன்னு நான் அழுதேன்னு படுக்க வச்சியே, அதுல. படுத்துகினு கீறவனுக்கு இன்னாடா தெரியும்? அவன் பேச்ச நிக்கறவன் கேக்கலாமா? ஊர்ல ஒருத்தன் பேச்சக் கேட்டிருக்கியா நீ, எம்பேச்ச மட்டும் இன்னாத்துக்குடா கேட்ட? கழுத்தப் புடிச்சித் தூக்கி நிறுத்த வேணாம்?" கையை நீட்டி, குந்தியிருந்தவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார், பிடியில் இன்னும் பலம் வரவில்லை. "நாளைக்குக் காலைலயும் வேணாம்னுதான் சொல்லுவேன். அழுவேன். கேக்காத."